கடலுக்குக் கட்டிக்கொண்டு போன கம்பளி

போன வாரம் அறுகம்குடாவில், கடலைப் பார்த்த ஒரு தென்னோலைக் கிடுகுக் குடிலுக்குள் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். குடில் என்று சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. கபானா என்று சொல்ல வேண்டும்.

எனக்கும் கடலுக்கும் பெரிய சிநேகம் கிடையாது. ஆசை என் மனைவி மல்லிகாவினுடையது. ஹல்துமுல்லையில் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்றால், வானம் தெளிந்த காலைகளில் தெற்கே தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். அதைப் பார்த்தபடியே பல் விளக்கி, துணி காயப்போட்டு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஊரார் குழந்தைகளைத் தூங்க வைத்து, ஓய்வும் பெற்றுவிட்டாள். ஒரே ஒரு தடவை கழுத்தளவு கடலில் நின்று குளிக்க வேண்டும் – இதுதான் அவள் கேட்டது. நகை கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

சரி, கிளம்பினோம். எப்படி? இரண்டு கம்பளி, இரண்டு ஸ்வெட்டர், என் குரங்குக் குல்லா, ஃபிளாஸ்க், தைலம், வறுத்த கொத்தமல்லி... பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் எங்களைப் பார்த்தவர்கள் இன்னும் குளிரான நுவரெலியாவுக்குப் போகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இன்டர்நெட் போட்டோவில் கபானா அழகாகத்தான் இருந்தது. நேரில்? கட்டிலில் மணல். தலையணையில் மணல். குளியலறைக்குக் கூரையே இல்லை. தென்னை மரத்தில் ஒரு காகம் உட்கார்ந்து நான் குளிப்பதை அக்கறையாகப் பார்க்கிறது. சுவரெல்லாம் கிடுகு, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். இதற்குப் பெயர் தங்குமிடமா?

பொழுது சாய்ந்ததும் காற்று விசுவிசுவென்று உள்ளே வந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கு எங்கள் கைகள்தான் பொறுப்பு. எங்கள் பக்கம் சாயங்காலமானால் பனி இறங்கும். அதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, இடுக்குகளில் பேப்பரைத் திணித்துவிடுவோம். அன்றும் சாமான் சுற்றி வந்த பழைய பேப்பர்களை அவள் மடித்துக் கொடுத்தாள், நான் சுவர் ஓட்டைகளில் திணித்தேன். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கல்யாணமான நாளிலிருந்து செய்கிற வேலைக்குப் பேச்சு எதற்கு?

கொஞ்ச நேரத்தில் உள்ளே இட்லி அவிக்கலாம் போல் ஆகிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே கபானா முதலாளி ரவூப் நானாவிடம் போனேன்.

"என்ன நானா, மனுசன் இருக்கிற எடமா இது? வெந்துக்கிட்டு இருக்கோம். ஒரு ஃபேன் கூட இல்ல!"

அவர் வந்தார். சுவரைப் பார்த்தார். பேப்பர்களை ஒவ்வொன்றாக உருவினார்.

"சேர், இந்த ஓட்டதான் எங்கட ஃபேன்."

உருவிய ஒரு பேப்பரில் என் போட்டோ இருந்தது. நீங்கள் வாராவாரம் வாசிக்கும் இதே பத்தி! நானா பேப்பரை விரித்துப் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கட எழுத்து நல்லாத்தான் காத்த மறிக்குது" என்றார். இத்தனை வருடத்தில் இவ்வளவு நேரடியான விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை மல்லிகா தோளில் துண்டோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் பஸ் ஏற வேண்டும்.

"போவோமாங்க?"

"வெயில் ஏறட்டும். பச்சத்தண்ணி நெஞ்சுல எறங்குனா சளி கட்டிக்கும்."

வெயில் ஏறியது. "இப்பதானே சாப்ட்ட? செரிக்கட்டும்." செரித்தது. "ஐயையோ, இந்த வெயில்ல தல நனஞ்சா காய்ச்சல்தான்!"

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாகிவிட்டது. குளித்து வந்ததும் ஊற்றிக்கொள்ள ஒரு வாளி சுடுதண்ணீர் இருந்தால் ஆபத்தில்லை என்று முடிவெடுத்து, நானாவின் சமையலறைக்குப் போனேன். "சுடுதண்ணியா சேர்? இந்த வெக்கையிலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் மனிதர் அடுப்பைப் பற்றவைத்தார்.

வாளியோடு திரும்பினால் படியில் ஆள் இல்லை.

கடலுக்குள் இருந்தாள். சேலையோடு, கழுத்தளவில். நானாவின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓர் அலை வந்து இரண்டு தலைகளையும் மூடியது. என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

"மல்லிகா! போதும், ஏறி வா! தடிமன் புடிக்கும்!"

"ஒங்க பேச்ச கேட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தப்பவும் தடிமன் புடிச்சிச்சுதானே!"

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது... சொல்லிவிடுகிறேன்.

மலைநாட்டு ஆட்கள் நாங்கள் எங்கே போனாலும் குளிரையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் போகிறோம். அது எட்டிப் பார்க்காத ஊரிலும் அதற்குப் பயந்து கதவைச் சாத்துகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஆள் இருப்பாரே?

ஊர் திரும்பும் பஸ் பசறையைத் தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது. மல்லிகா ஜன்னலைத் திறந்து வைத்து ஈரத்தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். சாத்தச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

"அடுத்த வருசமும் வரணுங்க" என்றாள்.

பட்ட பாட்டுக்கெல்லாம் பலன் கிடைத்துவிட்டது என்று எனக்கு மனம் நிறைந்துபோனது. "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு!"

"நீங்க எதுக்கு? நானும் அந்த அக்காவும் பேசி முடிச்சிட்டோம்."