காருக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

"…அதுக்காக இப்படியா அண்ணே, அம்மணமா நிறுத்தி வைப்பாங்க? நாலு பேரு போற வர்ற பாதையிலே! ஒரு சாக்கையாவது எடுத்துப் போர்த்துங்க. எனக்கே கூச்சமா இருக்கு."

அஞ்சலை முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு சொன்னது எந்த மனிதரைப் பற்றியும் அல்ல. தன் கணவர் ரெங்கசாமியின் காரைப் பற்றி!

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் ரெங்கசாமி, வாடகைக் கார் ஓட்டுகிறவர். காலையில் துறைமுக ஊரான கிள்ளானுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது ஆள் கிடைத்தால் ஆள். கிடைக்காவிட்டால்… கருவாடு! அந்தக் கார் தெருமுனை திரும்புவதற்கு முன்பே எங்கள் வரிசைப் பூனைகள் வாசலுக்கு வந்துவிடும்.

காரின் கறுப்பு வண்ணம் வெயிலில் வெடித்து, மழையில் உப்பி, ஆமை ஓடு மாதிரி ஆகியிருந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. ரெங்கசாமியின் மகள் லெட்சுமிக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை நிச்சயமாகும் வரைக்கும்.

நிச்சயத்துக்கு வந்த சம்பந்தியம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது காரா, கருவாட்டுக் கூடையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் சிரித்துக்கொண்டே குத்துகிற ஊசிதானே ஆழமாக இறங்கும்?

"மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்களே வேற கார் பிடிச்சிக்கிறோம் லா," என்றும் சொல்லிவிட்டார்.

ரெங்கசாமி சாது. ஆனால் அன்றைக்கு அவருக்கு மீசை துடித்தது. "மாப்பிள்ளை என் கார்லதான் வருவாரு சம்பந்தி. ரயில்ல வந்து எறங்கறப்போ, இந்தக் காரு உங்களுக்கே அடையாளம் தெரியாது!"

"எறங்கிப் பாப்பேன். பிடிக்கலேன்னா ஸ்டேஷன்லேயே வேற காரைக் கைதட்டிக் கூப்பிடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அவ்வளவுதான். ஊரே கூடி நிற்கிற ஸ்டேஷன் வாசலில் மாப்பிள்ளை வேறு காரில் ஏறிப் போனால்? பெண்ணைப் பெற்றவர் பிறகு எந்த முகத்தோடு அந்தக் கிள்ளான் ரோட்டில் கார் ஓட்டுவார்?

சவரிமுத்துவைக் கூப்பிட்டோம். ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் பூசுவது அவர் உத்தியோகம். லீவு நாளில் கார்களுக்கும் பூசுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக எங்கள் வரிசைக்கு வந்துவிடுவார். அவர் வாயைத் திறந்தால், பத்திரிகையில் எழுதுகிற எனக்கு ஒரு பத்திக்கு விஷயம் கிடைக்கும்.

"பூசறவன் பெயிண்டர் இல்ல அண்ணே. பூசாம பொறுத்துக்கிட்டு இருக்கான் பாருங்க, அவன்தான் பெயிண்டர்!"

எவ்வளவு உண்மை! பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் பூசினால் உள்ளே இருக்கிற விரிசல் ஒரு மாதத்தில் மேலே வந்து எட்டிப் பார்க்குமாம். அடி இரும்பு வரைக்கும் சுரண்ட வேண்டும். விளக்குகள், கைப்பிடிகள், மேல் கூடாரம் எல்லாவற்றையும் கழற்றினோம். காஸ்டிக் சோடாவைக் கரைத்துத் தடவியதும் கறுப்பு வண்ணம் பாலாடை போலச் சுருண்டுகொண்டு எழுந்தது. என் கையில் ஒரு சுரண்டியைக் கொடுத்தார் சவரிமுத்து.

"எனக்குப் பழக்கம் இல்லையே…" என்று இழுத்தேன்.

"வாராவாரம் பேப்பர்ல ஊரையே சுரண்டறீங்க. இதுக்குப் பழக்கம் இல்லையா?"

சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே நீலம். ரெங்கசாமிக்கு ஒரே ஆச்சரியம். "இத்தனை சட்டை போட்டிருக்கே இந்தக் கழுதை! நான் ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிட்டு ஓட்டறேன்!"

பானெட்டின் நடுவில் மட்டும் வட்டம் வட்டமாகக் கருகிய தழும்புகள். வெள்ளிக்கிழமைதோறும் அஞ்சலை அங்கே வைத்துத்தான் சூடம் கொளுத்துவாள். "கும்பிடறது சரி தங்கச்சி, ஒரு தட்டு வெச்சுக் கும்பிடக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே உப்புத்தாளை எடுத்து அந்த வட்டங்களைத் தேய்த்தார் சவரிமுத்து.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கார் ஒட்டுத்துணி இல்லாமல் வெறும் இரும்பாக நின்றது. அப்போதுதான் அஞ்சலை மேலே சொன்னதைச் சொன்னாள். சவரிமுத்துவுக்குச் சனிக்கிழமை வேலை. "ஞாயித்துக்கிழமை வந்து முதல் பூச்சு கொடுக்கறேன். அதுவரைக்கும் மழை படாம பாத்துக்குங்க. தண்ணி பட்டா துரு பிடிச்சிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் காரை ஒட்டுக்கொட்டகைக்குள் தள்ளினோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். குழைத்தார். பூசினார். செம்மண் நிறத்தில் முதல் பூச்சு.

ஒட்டவில்லை!

தூரிகையால் இழுத்த இடத்தில் வண்ணம் நிற்காமல், சேம்பிலையில் விட்ட தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு விலகியது. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் திறந்துகொண்டது. சவரிமுத்துவின் நெற்றியில் வேர்வை. ஒரு பூச்சு காய்ந்து கல்லாகித் தேய்த்த பிறகுதான் அடுத்தது ஏறும். அப்படி எத்தனையோ பூச்சு பாக்கி இருக்கிறது. முதல் பூச்சே இப்படி என்றால்?

"கடைக்காரன் ஏமாத்திட்டான். கலப்படம்!" என்றார் சவரிமுத்து.

"கண்ணேறு," என்றார் ரெங்கசாமி. "அந்தம்மா சுத்திப் பாத்தாங்க இல்ல, அன்னிக்கே பட்டிருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "அவங்களையே கார் பிடிச்சிக்கச் சொல்லிடட்டுமா? ஸ்டேஷன்ல அவமானப்படறதுக்கு இப்பவே சொல்லிடலாம்," என்றார்.

மனிதர் கண் கலங்கி நிற்கிறபோது பழமொழியா சொல்ல முடியும்?

வெயில் ஏறியது. வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று கொட்டகையிலிருந்து காரை வெளியே தள்ளினோம். இரும்பு சூடானதும் ஒரு வாசனை எழுந்தது. நான் மூக்கை உறிஞ்சினேன்.

"யார் வீட்டுலே முறுக்கு சுடறாங்க?"

யாரும் சுடவில்லை. சவரிமுத்து குனிந்து மட்கார்டை முகர்ந்தார். விரலால் தடவினார். விரலை முகர்ந்தார். நிமிர்ந்தார்.

"நல்லெண்ணெய்!"

வாசலில் நின்ற அஞ்சலை சட்டென்று உள்ளே போகப் பார்த்தாள். "அஞ்சல!" என்றார் ரெங்கசாமி. நின்றாள்.

"நேத்து சனிக்கிழமை… எல்லாருக்கும் எண்ணெய் தேய்ச்சு விட்டேன். பாவம், அதுவும் தோலெல்லாம் உரிஞ்சு நிக்குது… துரு பிடிக்கும்னு சவரி அண்ணன் வேற சொன்னாங்க. தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவி வைக்கறோம் இல்ல? அது துரு பிடிக்குதா? அதான்… ஒரு போத்தலை எடுத்து நல்லா தேய்ச்சு விட்டேன். உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும்."

சவரிமுத்து வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். "துரு பிடிக்கலேதான்," என்றார் பாவமாக.

எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள். இங்கே எண்ணெய் தடவியதால் ஒட்ட வேண்டியதும் ஒட்டவில்லை! பழமொழிகளுக்கும் அவ்வப்போது மராமத்து தேவைப்படுகிறது, வாசகர்களே.

ரெங்கசாமிக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது சிரிப்பு! கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இருபது வருஷமா எனக்கு ஒரு கரண்டி எண்ணெய்தான் தேய்ச்சு விடறா அண்ணே. காருக்கு ஒரு போத்தல்!"

"சிரிக்காதீங்க," என்றாள் அஞ்சலை. அவள் முகத்தில் அழுகை போய் ஒரு வேகம் வந்திருந்தது. "எண்ணெய் வெச்சவளுக்கு எடுக்கத் தெரியாதா? சீயக்காய் எதுக்கு இருக்கு?"

"இது தலைமுடி இல்ல தங்கச்சி, இரும்பு!"

"எண்ணெய் எண்ணெய்தானே? அது முடியைப் பாத்தா ஒட்டுது, இரும்பைப் பாத்தா ஒட்டுது?"

சவரிமுத்து தூரிகையைக் கீழே வைத்தார்.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரிசையில் இருக்கிற பெண்கள் எல்லாம் தேங்காய் நாரும் கையுமாக வந்துவிட்டார்கள். சீயக்காய்த் தூள், அடுப்புச் சாம்பல், அண்டா அண்டாவாக வெந்நீர். ஒட்டாத செம்மண் பூச்சைச் சவரிமுத்து டர்பன்டைன் துணியால் துடைத்தெடுத்தார். அதற்குப் பின்னாலேயே ஓர் ஊர்க்குளியல்!

"அக்குள்ல தேய்டி," என்று ஒருத்தி மட்கார்டின் இடுக்கைக் காட்டினாள். "காதுக்குப் பின்னாலே விட்டுட்டே," என்றாள் இன்னொருத்தி, விளக்கு இருந்த இடத்தைக் காட்டி. மணப்பெண் லெட்சுமி வெளியே வரக் கூடாது. ஜன்னல் வழியாகவே, "அம்மா, முதுகு! முதுகு!" என்று சிரித்துக்கொண்டு கூவினாள். தெருவில் போன ரிக்‌ஷாக்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சவரிமுத்து ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துப் பானெட்டின் மேல் மெதுவாக ஊற்றினார். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். எண்ணெய் மிச்சம் இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக உருளுமாம். போயிருந்தால் பட்டு மாதிரி விரியுமாம்.

விரிந்தது!

"போதும், போதும்! தலையைத் துவட்டுங்க சீக்கிரம்! ஜலதோஷம் பிடிச்சிடப் போவுது!" என்று கத்தினார் சவரிமுத்து. அவருக்கும் அது குழந்தையாகிவிட்டது. ஆளுக்கொரு துணியால் துடைத்தோம். அன்று மாலையே பூசினார். பிடித்துக்கொண்டது.

அப்புறம் காயவைத்து, பள்ளங்களை அடைக்கப் புட்டி வைத்து, தேய்த்து, பூசி, மறுபடி தேய்த்து… என் விரல் ரேகையே அழிந்துவிட்டது. பூசுகிறவரை ஊர் புகழ்கிறது. சுரண்டினவர்களையும் கழுவினவர்களையும் யார் பார்க்கிறார்கள்? ஆனால் பளபளப்பு நிற்பது அவர்களுடைய முதுகின் மேல்தான். கல்யாணமும் அப்படித்தான், வீடும் அப்படித்தான்.

போன வாரம் மாப்பிள்ளை வந்து இறங்கினார். ஸ்டேஷன் வாசலில் கார், அரக்கு நிறத்தில், பழுத்த மங்குஸ்தான் பழம் போல நின்றது. பக்கத்தில் ரெங்கசாமி, கையைக் கட்டிக்கொண்டு.

சம்பந்தியம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவருகில் நின்றார். குனிந்தார். கதவில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்:

"ஏறுடா. கூட எனக்கும் இடம் விடு."

ரெங்கசாமி கதவைத் திறந்துவிட்ட அழகை எழுத எனக்குத் தமிழ் போதாது. சவரிமுத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போது ஆரத்தித் தட்டோடு நின்ற அஞ்சலை காரை மேலும் கீழும் பார்த்தாள். தட்டை என் கையில் கொடுத்தாள். சவரிமுத்து "ஐயோ, தங்கச்சி!" என்று கையை நீட்டுவதற்குள், தன் கண்ணிலிருந்து விளக்கெண்ணெய் மையை விரலால் வழித்து, பளபளக்கும் மட்கார்டின் நட்ட நடுவில், பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.