அருணாசலம் பிள்ளையின் வலது கை

கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து வைத்துவிட்டால் அதுதான் நல்ல கவனிப்பு என்று நாற்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் உண்டு. சாலைக் கடைத்தெருவில் ஒரு காப்பி ஹோட்டலில் பதினெட்டு வருஷம் சப்ளையராக இருந்தவன் நான். ஹோட்டலை மூடினார்கள். ஆரியசாலை வியாபாரிகள் சிலர் சேர்ந்து கரமனைப் பக்கம் நடத்திவந்த வயோதிகர் விடுதியில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. ராஜாவின் சமஸ்தானம் போய்த் திரு-கொச்சி ராஜ்யம் வந்திருந்த சமயம். பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு கிழவர்கள். 'பன்னிரண்டு மேஜைதானே, இதென்ன பிரமாதம்' என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கூத்தைப் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கலாம். நானே சிரித்து முடிக்கவில்லை.

1. என் ரிக்கார்டு

பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குச் சாப்பிட ஒத்தாசை வேண்டும். எங்கள் நர்ஸ் சிஸ்டர் ஏலியம்மா கோட்டயத்துக்காரி. யுத்த காலத்தில் பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். முதல் நாளே சொன்னார்: "நெல்லையப்பா, ஊட்டறது கடைசிக் காரியம். அவரவர் கை எத்தர போகுமோ, அத்தர போகட்டும். நீ பக்கத்தில் இருந்நு பார்த்தா மதி, அது போதும். மனசிலாயோ?"

மனசிலாகவில்லை. அவர்களாகச் சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரம். பாதி வாய்க்கு, பாதி விரிப்புக்கு. நான் ஸ்பூனை எடுத்தால் ஐந்து பேரும் இருபது நிமிஷத்தில் சுத்தம். ஹோட்டலில் இந்த வேகத்துக்கு முதலாளி முதுகில் தட்டுவார்.

ஐவரில் ஒருவர் அருணாசலம் பிள்ளை. நாஞ்சில் நாட்டுக்காரர். ஆரியசாலையில் ஒரு மிளகு மண்டியில் நாற்பது வருஷம் தராசுக்கு முன்னால் நின்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கிழக்கேகோட்டையில் இருந்த மகளால் தூக்கி எடுக்க முடியாமல் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தாள்.

"இடது கைக்கு ஒரு குழப்பமும் இல்லல்லோ. அதெடுத்து சாப்பிடட்டே" என்றார் சிஸ்டர்.

பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. சிஸ்டர் போனதும் என்னிடம், "அந்தக் கையாலயா சோறு தின்னணும்? பட்டினி கெடந்து செத்தாலும் சாவேம்வே!" என்றார்.

எனக்கும் அதே அபிப்பிராயம்தான். கால் கழுவுகிற கையால் சோறு தின்னச் சொல்வதாவது! பட்டாளத்தில் எல்லாம் நடக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அன்றிலிருந்து சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் ஸ்பூனை எடுப்பேன். சார்ட்டில் 'தானே சாப்பிட்டார்' என்று எழுதுவேன். ஊட்டுவது பெரிய தர்மம் என்றும், பொய் எழுதுவது சின்னத் தர்மம் என்றும் நினைப்பு.

2. மணி

மாசி மாதம் ஒரு மத்தியானம். சிஸ்டர் மருந்தறையில் இருந்தார். தலையணையை உயர்த்தி வைக்கக்கூடப் பொறுமை இல்லாமல், மல்லாந்து கிடந்த பிள்ளைக்கு ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டினால் போதாதா? ஹோட்டல் பழக்கம், வாய் சும்மா இருக்காது. எங்கள் பழைய சரக்கு மாஸ்டர் சாம்பாரில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிட்டுத் தேடிய கதையைச் சொன்னேன். பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் சோறும் ஒரே பாதையில் போயின.

முகம் நீலமாயிற்று. கண் பிதுங்கியது. சத்தமே இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அவரை நிமிர்த்தவில்லை. முதுகில் தட்டவில்லை. வராந்தாவுக்கு ஓடினேன். ஆபத்து என்றால் மணி அடிக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அங்கே தொங்கியதோ சாப்பாட்டு மணி. அதைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினேன். முற்றத்திலிருந்த கிழவர்கள் ஏழு பேரும் தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

"இப்பத்தானவே தின்னோம்? பாயசம் எதும் உண்டா?" என்றார் ஒருவர்.

நான் அழுதுகொண்டே, "அண்ணாச்சியக் கொன்னுட்டேன்! கொன்னுட்டேன்!" என்று மணியை விடாமல் அடித்தேன். இதற்கு நடுவே, நாகர்கோவில் பஸ் எத்தனை மணிக்கு என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே திரும்பிப் போனபோது பிள்ளை உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அவரை முன்னால் குனிய வைத்து, முதுகில் தட்டி, வாய்க்குள் விரலை விட்டுச் சோற்றைத் தோண்டி எடுத்திருந்தார். பிள்ளை பெரிதாக இருமினார். அந்த இருமலைப் போல ஒரு நல்ல சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். ஸ்பூனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எத்தர நாளாயிட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை குழறிக் குழறிச் சொன்னார். "அவன ஏசாதீங்கம்மா. நாந்தான் கேட்டேன். ஆவணில பேத்திக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டாரோட பந்தில இருக்கணும். இடது கையால தின்னா அவிய என்ன நெனைப்பாவ? ஊட்டிவிட்டா அதவிடக் கேவலம். நான் போகல்ல. அவ கல்யாணத்த நான் பாக்கப் போறதில்ல."

சிஸ்டர் கட்டில் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது எனக்குத் தோணியில்ல பிள்ளைச்சா. தெற்று என்றெதாணு" என்றார். தப்பு தன்னுடையது என்று ஒரு மேலதிகாரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "விரலை ஒண்ணு அனக்கிக்கே" என்றார். நெடு நேரம் கழித்துக் கட்டைவிரலும் பக்கத்து விரல்கள் இரண்டும் லேசாக அசைந்தன. "ஆவணிக்கு ஆறு மாசம் உண்டு" என்றார் சிஸ்டர்.

என்னை விடுதி நடத்தும் வியாபாரிகளின் கமிட்டியிடம் காட்டிக்கொடுக்கவில்லை. "இனி நீ ஊட்டண்ட. இவருடைய கை உன்றெ சுமதலை, உன்றெ பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் நான் இன்னொரு ஹோட்டலில் டம்ளர் தூக்கிக்கொண்டு, அதே முட்டாளாகவே இருந்திருப்பேன். அந்த மனுஷிக்கு நான் பட்ட கடன் அது.

3. தவிடு

தினம் காலையிலும் மாலையிலும் ஈரத் தவிட்டைத் தட்டில் போட்டு உருண்டை பிடிக்க வைத்தோம். பிடித்த உருண்டை விடுதிப் பசுமாட்டுக்கு. கை தேறும்வரை சிஸ்டரே அவரை நிமிர்த்தி உட்கார வைத்துச் சோறு ஊட்டினார். முதல் மாதம் உருண்டையே வரவில்லை. மாடு என்னை முறைத்தது. மூன்றாம் மாதம் உருண்டை வந்தது, வாய் வரை கை வரவில்லை. முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள மட்டும் எனக்கு அனுமதி. பிறகு சோற்றையே தட்டில் வைத்தோம்; அது தாடியில் போயிற்று, காதில்கூடப் போயிற்று. சும்மா உட்கார்ந்து பார்ப்பது போலக் கஷ்டமான வேலை வேறு இல்லை என்று அப்போது தெரிந்தது. ஊட்டியது அவருக்காக அல்ல, எனக்குப் பொறுமை இல்லாததால் என்பதும் தெரிந்தது. புதிதாக வருகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

ஆவணியில் என்னைத் துணைக்கு அனுப்பினார் சிஸ்டர். "நின்றெ ரெண்டு கையும் மடியில் இருக்கணும், கேட்டோ!"

கல்யாணப் பந்தலில் பிள்ளையைச் சுவரோடு சாய்த்துப் பலகையில் உட்கார வைத்தேன். ஒரு பக்கம் இலை போட்டுக்கொள்ளாமல் நான், மறுபக்கம் சம்பந்தி. எல்லாரும் பிரதமன் பாயசம் முடித்து மோருக்கு வந்தபோது பிள்ளை சாம்பாரில் இருந்தார். கடைசி ஆள் முடிக்காமல் பந்தி எழுந்திருக்கக் கூடாது. அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பரிமாறுகிறவன் குனிந்து, "பெரியவருக்கு நான் வேணா ஊட்டட்டா?" என்றான். பிள்ளையின் கை இலைமேல் அப்படியே நின்றுவிட்டது. என் வலது கை மடியை விட்டுத் தானாகக் கிளம்பியது. இடது கையால் அதைப் பிடித்து வைத்தேன்.

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு என்னத்துக்குவே? எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி பிரதமன் ஊத்தும்" என்றார். வயிறு நிறைந்து ஏப்பம் விட்டவர்தான். அதைப் பார்த்து, எதிர் வரிசையில் சாப்பிட்டு முடித்திருந்த ஒருவர் அவியல் கேட்டார். இன்னொருவர் பப்படம் கேட்டார்.

பிள்ளையின் கை மறுபடி அசைந்தது. பிரதமன், மோர்ச்சோறு எல்லாம் சாப்பிட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேல்துண்டில் சாம்பார் சிந்தியிருந்தது. பிறகு வலது கையாலேயே இலையை மடித்தார். பந்தி எழுந்தது.