கோழி உயரத்தில் வெயில்

கறிக்கோழி வளர்க்கிறவள் சித்திரை மாதத்தில் கோழியைப் பார்ப்பதைவிட வானத்தைத்தான் அதிகம் பார்ப்பாள். உங்கள் தோட்டத்திலும் கோழி ஷெட் இருந்தால் நான் சொல்லவே வேண்டாம். இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், நிம்மதியாகப் படியுங்கள்.

எங்கள் தோட்டம் உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். வீட்டுக்காரருக்கு வெளியூரில், கணபதியில், லேத் பட்டறை வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். அதனால் ஷெட் என் பொறுப்பு. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும், வளர்த்துக் கொடுப்பது நான். ஒரு வருசம் கோடையில் பாதிக் கோழி வெயில் தாங்காமல் செத்துப்போயின. அடுத்த கோடையிலும் அப்படி ஆனால் இனிமேல் குஞ்சு இறக்க மாட்டோம் என்று கம்பெனி சூப்பர்வைசர் தம்பி சொல்லிவிட்டார். பார்த்துப் பார்த்து அந்த வருசம்தானா வெயில் அப்படி அடிக்க வேண்டும்!

எங்கள் ஊர் முதலிடம்

ஷெட்டில் மாட்டச் சொல்லி ஒரு தர்மாமீட்டர் கொடுத்தார்கள். என் மகளுக்கு அப்போது மூன்று வயது, கண்ணில் படுவதெல்லாம் அவளுக்கு விளையாட்டுச் சாமான். அவள் கைக்கு எட்டக் கூடாதென்று ஸ்டூல் மேல் ஏறி, தகரக் கூரைக்கு ஒரு சாண் கீழே கட்டிவைத்தேன். மத்தியானம் ஏறிப் பார்த்தால் நாற்பத்தேழு டிகிரி! சாயங்காலம் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன இடத்தில் சொல்லித் தொலைத்தேன். மறுநாள், இந்தியாவிலேயே நம்மூரில்தான் வெயில் அதிகம் என்று ஊரே பெருமைப்பட்டுக்கொண்டது. பக்கத்து ஊரிலிருந்து மொபெட்டில் ஒருவர் வந்து ஸ்டூல் ஏறிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் தம்பி வந்தார். அண்ணாந்து பார்த்தார். தர்மாமீட்டரை அவிழ்த்து, கயிறு கட்டி, கோழிகளின் தலைக்கு நேராகத் தொங்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் நாற்பதுக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரின் சாதனையும் அதோடு போயிற்று. தம்பி சிரிக்காமல் சொன்னார்: "அக்கா, அந்த ஒசரத்துல பறக்கற கோழிய எங்க கம்பெனி இன்னும் குடுக்கலைங்க."

மாமாவின் கல்யாண வெயில்

ரேடியோவில் இத்தனை வருசத்தில் இல்லாத வெயில் என்று சொன்னார்கள். எங்கள் மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. "இதெல்லாம் ஒரு வெயிலா? என்ற கல்யாணத்தன்னிக்கு அடிச்சதுதான் அம்மணி வெயிலு. காக்கா மரத்துலிருந்து பொத்துப் பொத்துனு உழுந்துச்சு" என்றார்.

"அன்னிக்கு எத்தனை டிகிரிங்க மாமா?" என்று கேட்டேன்.

"அப்ப எவன் மீட்டரு வெச்சிருந்தான்? ஒடம்புதான் மீட்டரு" என்று துண்டை உதறினார்.

கோழிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த அத்தை, அதாவது என் மாமியார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குன்னூருல இருந்த உங்க பெரீப்பன்கிட்ட இரவல் வாங்கி, போட்டோவுக்குனு கம்பளிக் கோட்டு போட்டுட்டு நின்னீங்க. அதுக்குச் சூரியன் என்னங் பண்ணும்?"

காத்தாடி மேல் புகார்

எங்கள் பக்கம் அப்போதுதான் காற்றாலைகள் வந்திருந்தன. நாங்கள் காத்தாடி என்போம். மழை பொய்த்ததற்கும் வெயில் கொளுத்துவதற்கும் அதுதான் காரணம் என்று பால் சொசைட்டியில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். றெக்கை சுத்திச் சுத்தி மேகத்தைக் கேரளாவுக்குத் தள்ளிவிடுகிறதாம். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர்தான் வேறு மாதிரி சொன்னார். வண்டிப் புகை, ஆலைப் புகை, கரி எரிக்கிற புகை எல்லாம் சேர்ந்து பூமிக்குக் கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிட்டதாம். காத்தாடியில் கரண்ட் எடுத்தால் அந்தப் புகை குறையுமாம். எனக்கு உடனே மாமாவின் கோட்டு ஞாபகம் வந்தது, அதனால் சட்டென்று விளங்கிவிட்டது.

மற்றவர்கள் விடுவதாக இல்லை. காத்தாடிக்கு வாட்ச்மேனாக இருந்த சுப்பிரமணியண்ணன் பால் வாங்க வந்து மாட்டிக்கொண்டார். ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பால் வாங்கும் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் சொருகியிருந்த பனையோலை விசிறியை எடுத்துக் காட்டினார்: "ஏனுங், மேகத்தத் தள்ளற அளவுக்கு அது காத்தடிச்சா, அதுக்கடியில உக்காந்துட்டு நான் எதுக்குங் இத வீசறேன்?"

அந்த மத்தியானம்

கோழி எடை ஏறி, லாரி வருகிற வாரம். அந்த வாரம்தான் பயம். குஞ்சு தாங்கும், கனத்த கோழி தாங்காது. காலையிலேயே தீவனத்தைத் தூக்கிவிட்டேன். தின்ற கோழிக்குத்தான் சூடு அதிகம். கூரை மேல் ஓட்டை போட்டுவைத்த குழாயில் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. உச்சி நேரத்தில் கரண்ட் போயிற்று, குழாயும் நின்றது. தர்மாமீட்டர் நாற்பத்திரண்டு. கோழி உயரத்தில்தான் சொல்கிறேன். எல்லாம் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டன. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்று கத்தினேன்.

தினம் வெயில் எத்தனை என்று பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் குடத்தோடு வந்தார்கள். டீச்சர்கூட வந்தார். சுப்பிரமணியண்ணன் ஏணி போட்டுக் கூரை மேல் ஏறிக்கொண்டார். தொட்டித் தண்ணீர் கைக்குக் கை மாறி மேலே போனது. ஷெட்டின் பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்த சாக்குகளை நாங்கள் நனைத்தோம். படுத்துவிட்ட கோழி எழுந்திருக்காது என்பதால் மாமா தலையில் ஈரத்துண்டோடு ஷெட்டுக்குள் நடந்து நடந்து அவற்றைக் கிளப்பிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்ந்து கரண்ட் வந்தபோது எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அத்தைதான் செத்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒரு கூடை. ஒரே ஒரு கூடை! நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மாமா குனிந்து, தர்மாமீட்டரை உற்றுப் பார்த்தார். பிறகு ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்: "செரி அம்மணி, என்ற கல்யாண வெயிலு ரண்டாவதுன்னே வெச்சுக்கலாம்."

லாரி வந்தது

விடிகாலையில் கோழிகளை ஏற்றினார்கள். சூப்பர்வைசர் தம்பி காலி ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் அத்தையின் பின்னால் நின்றுகொண்டேன். நாலு பண்ணையில் பாதிக்குப் பாதி போயிற்று, இங்கேதான் தப்பித்தது என்றார். அப்படியானால் அடுத்த தடவைக்குக் குஞ்சு உண்டா என்று அத்தைதான் கேட்டார்.

தம்பி தொங்கிய தர்மாமீட்டரை விரலால் தட்டினார்: "குஞ்ச நாங்க எறக்கறமுங்க, மீட்டர நீங்க மேல ஏத்தாம இருந்தாச் செரி."

வெயில் கூடுவது காத்தாடியாலா, புகையாலா, மாமாவின் கோட்டாலா என்று பெரியவர்கள் நிதானமாகப் பேசி முடிக்கட்டும். பேச வருகிறவர்கள் கையில் ஒரு குடத்தோடு வந்தால் எங்கள் கோழிகளுக்கு ஆட்சேபணை இல்லை.