உதட்டில் ஒட்டிய வசனம்

டப்பிங் கூடத்தில் அவளை எல்லாரும் அழுகாச்சி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சீரியலில் எந்த நடிகை அழுதாலும் தொண்டை இவளுடையது. அந்த வேலை கிடைத்த விதத்தைக் கேட்டால் வயிறு எரியும். துணிக் கிடங்கு தீப்பிடித்து, அங்கே காவலாளியாக இருந்த இவள் புருஷன் செத்தபோது, வாசலில் விழுந்து இவள் கதறியதைச் செய்தியில் நாள் முழுக்கப் போட்டார்கள். டப்பிங் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார். "அழுகை சுத்தமா இருக்கு" என்றாராம். அடுப்பு எரிய வேண்டுமே, போனாள்.

இப்போது அந்தத் தீயையே சீரியலாக எடுத்திருக்கிறார்கள். ஊர் பேர், கிடங்கு பேர் எல்லாம் மாற்றியாச்சு. யாருக்குத் தெரியாது? கதை முழுக்க கேமரா முதலாளியின் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறது. அவர் தவிக்கிறார், விம்முகிறார், வாரத்துக்கு வாரம் நல்லவராகிக்கொண்டே போகிறார். அவர் நல்லவராக வேண்டுமென்றால் வேறு எவனாவது கெட்டவனாக வேண்டும். காவலாளி வாகாகக் கிடைத்தான். இடுப்பில் சாவியோடு, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். பேச்சே இல்லை அவனுக்கு.

நடந்தது வேறு. வேலை நேரத்தில் வேலையாட்கள் யாரும் வெளியே போகக் கூடாதென்று பின்கதவைப் பூட்டி, சாவியைத் தன் அறையில் வைத்துக்கொண்டவர் முதலாளி. புகையைக் கண்டதும் காவலாளி சாவி கேட்டுத் தெருவே அதிரக் கத்தினான். யாரும் கொண்டுவரவில்லை. கடப்பாரையால் பூட்டை உடைக்கப் போனான். கூரை அவன்மேல் இறங்கியது.

அந்தச் சீரியலுக்குப் பேச அன்று இவள் கையில் கொடுத்தது, செத்தவன் பெண்டாட்டி பேசும் வசனம்: "குடிச்சிட்டுத் தூங்கிட்டியே."

"அண்ணே, இது என் வீட்டுக்காரரு" என்றாள்.

"அதான்மா உன்னைக் கூப்பிட்டேன். வேற யாரு இப்படி அழுவா?" என்றார் மேற்பார்வையாளர்.

"அவரு குடிச்சதே இல்லண்ணே. எம் பொண்ணு நாளைக்குப் பள்ளிக்கூடத்துல தலைகாட்டணும்."

"கதைன்னா ஒருத்தன் தப்பு பண்ணியாகணும். சாயங்காலம் ஒளிபரப்பு. போ, போ."

மைக் முன்னால் நின்றாள். திரையில் நடிகை வாயைத் திறந்தாள். எந்த இடத்திலும் அவள் உதடு மூடவில்லை. ககரத்தில் தொடங்கி 'ட்டியே'வில் முடியும் வாய். அதில் வேறொரு வசனமும் உட்காரும் என்று இவளுக்குப் பட்டது. அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்:

"கத்திக் கத்திச் செத்துட்டியே..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் நிறுத்தவில்லை. போட்டுப் பார்த்தார். நடிகையின் உதட்டில் அச்சாக ஒட்டியது.

"என்னம்மா திமிரா? திரும்பப் பேசு" என்றார் மேற்பார்வையாளர்.

"பேச மாட்டேன்."

"வேற ஆளை வெச்சுக்குறேன்."

"வெச்சுக்குங்க."

ஒலிப்பதிவாளர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "இனிமே ஆளைத் தேடினா இன்னைக்கு எபிசோடு போகாது சார். டைட்டில் மட்டும் ஓடும், பரவாயில்லையா?"

மேற்பார்வையாளர் நெற்றியைத் தேய்த்தார். "ஏம்மா, தூங்குறவன் எப்படிக் கத்துவான்? கத்தினான்னா கதவு ஏன் தெறக்கலன்னு ஜனங்க கேக்க மாட்டாங்க?"

"கேக்கட்டும்" என்று ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "உங்க கதையில அதை ஒருத்தர்கூடக் கேக்கலையே."