வெயிலில் பார்த்து வாங்கிய கருவி

செம்பூரில் அந்தக் கடைக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இது கண்ணைக் கெடுக்குமா?" என்பதுதான்.

கடைக்காரர் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். "கெடுறதுக்கு இன்னும் என்னளா மிச்சம் இருக்கு?" என்றார். கடைக்காரர் அதையும் வேடிக்கை என்று நினைத்து இன்னொரு தரம் சிரித்தார். என் மகள் மட்டும் சிரிக்காமல் நின்றாள்.

சிசிடிவி கேமரா, டார்ச், பைனாகுலர் எல்லாம் விற்கிற கடை அது. நாங்கள் போனது தெர்மல் மோனோகுலர் வாங்க. ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் குழாய். வெளிச்சத்தை அது பார்ப்பதில்லை, சூட்டைத்தான் பார்க்கும். இருட்டில் நிற்கிற ஆடு, நாய், மனுஷன் எல்லாம் அதற்குள் வெள்ளையாகத் தெரியும். எங்களுக்கு வேண்டியது மான். அதுவும் என் கணவர் பார்க்க வேண்டும்.

ஏன் மான் என்று கேட்டால் கல்யாணமான புதிதிலிருந்து சொல்ல வேண்டும். அப்போது தாராவியில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் ஒன்பது பேர். மாமாவும் மாமியும் கட்டிலில், கொழுந்தன்மார் தரையில், நாங்கள் மேலே லாஃப்டில். லாஃப்ட் பலகையில் புரண்டு படுத்தால் கீழே யாராவது இருமுவார்கள். புருஷனோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்றால் ரயில் ஏற வேண்டும். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மாஹிமிலிருந்து விடிகாலை ரயிலில் போரிவலிக்குப் போக ஆரம்பித்தோம். "காத்தோட்டமா நடந்துட்டு வாரோம்" என்பார் மாமியிடம். "ஏன், தாராவில காத்து இல்லையோ?" என்பார் மாமி. அதற்குள் நாங்கள் ஏணியில் பாதி இறங்கியிருப்போம்.

நிலையத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் அவர் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வருவார். பிறகு அங்கே இருக்கிற தேசியப் பூங்காக் காட்டுக்கு நடப்போம். விடியுமுன் புல்வெளி ஓரத்தில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். ஊரில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினெட்டு வயதில் பம்பாய்க்கு வந்தவள் நான். கம்பியும் கதவும் இல்லாத மானை முதன்முதலில் அங்கேதான் கண்டேன். "அங்கன பாருங்க, அங்கன" என்று கையை நீட்டுவேன். "ஆமா, ஆமா, பாத்துட்டேன்" என்பார். அப்படியே பேசிக்கொண்டு நடப்போம். பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைப்பது, தனிக்குடித்தனம் எப்போது, மாமி ஏன் என் குழம்பைக் குறை சொல்கிறார், எல்லாம் அந்தப் பாதையில் பேசியதுதான். அவர் வேலை பார்த்த தோல்பை கார்கானா ஞாயிறன்று அரைநாள் உண்டு. அதனால் வெயில் ஏறும் முன்னே ஓடி வந்து ரயிலைப் பிடிப்போம். ஆறேழு வருஷம் அப்படிப் போனது. பிள்ளைகள் வந்ததும் நின்றது.

சில வருஷங்களுக்கு முன் அவர் அந்திநேரத்தில் வாளி தட்டி விழுந்தார். பிறகு கதவில் இடித்தார். பிறகு எதிரே வந்த தம்பியையே மோதித் தள்ளினார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். கண்ணின் ஓரமெல்லாம் போய்விட்டது, நடுவில் மட்டும் பார்வை நிற்கிறது, குழாய் வழியாகப் பார்ப்பது போல. பகல் வெளிச்சத்தில் அந்த நடுப்பகுதியில் நன்றாகத் தெரியும். மங்கலில் ஒன்றும் தெரியாது. நடுவும் ஒருநாள் மூடிக்கொள்ளலாம், எப்போது என்று சொல்ல முடியாது. "இது சின்ன வயசுலயே ஆரம்பிச்சிருக்கும். மங்கல்ல தெரியாம இருந்திருக்குமே?" என்று அவரிடம் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அது உறைத்தது.

"அப்போ மான்?" என்றேன்.

"என்ன மான்?"

"போரிவலில. நான் காட்டுனதெல்லாம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீ காட்டுன பக்கம் பாத்தேன்."

"தெரிஞ்சிச்சா?"

"உன் வளையல் சத்தம் கேட்டுச்சு. அந்தப் பக்கம் திரும்பித் தலைய ஆட்டுனேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வாறத நிறுத்திருப்ப. ரெண்டு பேரும் லாஃப்ட்லயே கெடந்திருப்போம்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது: அந்த நடுவும் மூடும் முன்னே, காட்டில் நிற்கும் மானை இவர் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

நெருளில் குடியிருக்கிற மகளிடம் சொன்னேன். அவள்தான் போனில் தேடி இப்படி ஒரு கருவி உண்டு என்று கண்டுபிடித்தாள். நான்தான் வாங்கித் தருவேன் என்றும் சொல்லிவிட்டாள். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. போலீஸ் பிடித்து வேட்டைக்காரி என்று சொன்னால்? ரயிலில் எவனாவது பிடுங்கிக்கொண்டு ஓடினால்? காட்டில் சிறுத்தை இருக்கிறதே, இவர் குழாயில் கண்ணை வைத்து நிற்கும்போது அது பின்னால் வந்தால்?

"உம்மா, டென்ஷன் நக்கோ, விடுங்க" என்றாள் மகள். "சிறுத்தை வந்தா வாப்பாதான் முதல்ல பாப்பாங்க."

கடைக்காரர் தமிழ் ஐயர்மார் நிறைய இருக்கும் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பேச்சிலேயே தெரிந்தது. இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. "இது பெரிய லென்ஸ். ரொம்ப தூரத்துல இருக்கறதைக் காட்டும். இது சின்ன லென்ஸ். தூரம் கம்மி, ஆனா பரந்து தெரியும். எவ்வளவு தூரத்துல பாக்கப் போறேள்?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. கண் விஷயத்தைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். என் கணவர் முழங்கையால் இடித்தார். வெளியாளிடம் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

"ரெண்டையும் ஜாங்கட்ல குடுப்பியளா?" என்று கேட்டார்.

பம்பாய் வியாபாரத்தில் அப்படி ஒரு வழக்கம். சரக்கைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் சொன்ன நாளில் திருப்பித் தர வேண்டும். தோல் கடைகளில் அவர் காலமெல்லாம் செய்தது அதைத்தான்.

"ஜாங்கடா! இது என்ன சார், வைரமா?"

"வைரத்தையே நம்பிக் குடுக்கான். இதுக்குப் போயி யோசிக்கிய."

கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே சீட்டு எழுதினார். சனிக்கிழமை வரை கெடு. மகள் கையெழுத்துப் போட்டாள்.

தோல் வாங்குகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. சரக்கை ட்யூப்லைட்டில் பார்க்க மாட்டார்கள். கடைக்குள் கறுப்பாக இருந்தது வெளியே வந்ததும் கருநீலமாக நிற்கும். உச்சி வெயிலில் விரித்துப் பார்த்தால்தான் நிறமும் தெரியும், கீறலும் தெரியும். என் கணவர் முப்பது வருஷம் வெயிலில் பார்க்காமல் ஒரு துண்டு தோல் வாங்கியதில்லை. ஆகவே மறுநாள் மத்தியானம், நல்ல வெயிலில், எங்கள் சந்தில் நின்று இரண்டு கருவியையும் சோதித்தோம்.

சின்ன லென்ஸை நான் கண்ணில் வைத்தேன். தகரக்கூரை வெள்ளை, சுவர் வெள்ளை, தரை வெள்ளை. நடுவில் ஆள் போனாலும் பால் சட்டிக்குள் பால் ஊற்றியது போல இருந்தது. பெரிய லென்ஸை வைத்தேன். சந்தின் கடைசியில் தண்ணீர்த் தொட்டி குளிர்ச்சியாக, கறுப்பாக நின்றது. அதன் முன்னால் குடம் வைத்திருந்த ஒரு பெண் வெள்ளையாகத் தனியே தெரிந்தாள்.

"இதுல ஆளு தெரியுது!" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன பாய், எங்கயாச்சும் கேஸ் லீக்கா?"

"இல்ல, உங்க வீட்ல என்ன கறின்னு பாக்கோம்" என்றார் இவர்.

பிறகு என் கணவர் வாங்கிப் பார்த்தார். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தார். பெரியதுதான் என்று நானே முடிவு செய்தேன். தூரத்தைக் காட்டும், சிறுத்தை எட்டத்தில் வரும்போதே தெரிந்துவிடும் என்றேன்.

"அது வந்து உன்கிட்ட, நான் எம்புட்டு தூரத்துல நிக்கேன்னு கேக்கவா போவுது?" என்றார். ஆனாலும் என் சொல்லைத் தட்டவில்லை. சனிக்கிழமை மகள் சின்ன லென்ஸைத் திருப்பிக் கொடுத்து, பெரியதற்குப் பணம் கட்டினாள்.

ஞாயிறு போரிவலிக்குப் போனோம். வாசலில் காவலாளியிடம் நானே கருவியை நீட்டி, மான் பார்க்க மட்டும்தான் என்று எல்லாம் சொன்னேன். அவர் அதை வாங்கித் தெரு நாயைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே அனுப்பினார். பழைய புல்வெளி அப்படியே இருந்தது. மங்கலில் ஆறு மான்கள், எட்டி நடந்தால் தொடுகிற தூரம் போல, அவ்வளவு பக்கத்தில். அவர் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன்.

கருவியைக் கண்ணில் வைத்தார். இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், மேலே தூக்கினார்.

"தெரியுதா?"

"ஆமா, ஆமா. பாத்துட்டேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"எத்தன நிக்கு?"

"ரெண்டு."

"கொம்பு இருக்கா?"

"இருக்கே. நல்லா பெருசு."

ஆறும் பெட்டை மான். ஒன்றுக்கும் கொம்பு இல்லை.

நான் அவர் தோளிலிருந்து கையை எடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "வெள்ளையா என்னமோ வருது, பிடிக்கதுக்குள்ள போயிருது" என்றார். "கோணிய விரிச்சு மூஞ்சிக்கு நேரா பிடிச்ச மாதிரி இருக்கு. புள்ள ஆசையா வாங்கித் தந்தது, எப்பிடிளா தெரியலன்னு சொல்ல?" திரும்பும் ரயிலில் கருவியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெரியதை எடுத்தது நான். சிறுத்தைக்குப் பயந்து மானை விட்டவள் நான்.

திங்கள்கிழமை யாரிடமும் சொல்லாமல் தனியாகச் செம்பூர் போனேன். கெடு முடிந்துவிட்டது, மாற்றித் தர மாட்டார், திட்டி அனுப்புவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். இதில் மான் தெரியவில்லை என்றதும் கடைக்காரர் கேட்டார்:

"எங்கே பாத்து செலக்ட் பண்ணினேள்?"

"எங்க சந்துல."

"எத்தனை மணிக்கு?"

"மத்தியானம். நல்ல வெயில்ல."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "மத்தியானம் தாராவில தகரமும் சூடு, சுவரும் சூடு, மனுஷாளும் சூடு. பாவம், அது எதைன்னு காட்டும்?"

அப்போதுதான் சொன்னேன். என் கணவருக்குக் கண் குழாய் போல என்று, அந்த நடுவும் மூடப் போகிறது என்று, நாங்கள் பார்க்கிற மான் இருபது முப்பது அடியில்தான் நிற்கும் என்று. கடைக்காரர் சற்று நேரம் எதிரே இருந்த ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நான் வேற சிரிச்சுட்டேன்" என்றார். பிறகு சின்ன லென்ஸை எடுத்தார். தூரம் காட்டுகிற கருவி ஒரு துண்டைத்தான் காட்டும், ஏற்கெனவே குழாய் வழியாகப் பார்ப்பவருக்கு அது குழாய்க்குள் குழாய் என்றார். இதில் முழு மான் தெரியும், கூட்டமே தெரியும். கண் வைக்கும் இடத்தில் உள்ள வளையத்தை முதலில் அவர் கண்ணுக்குத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும், பெரிதாக்கிக் காட்டும் பொத்தானைத் தொடவே கூடாது. மூன்று தடவை என்னையே செய்ய வைத்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு குளிர் அதிகம். ரயிலில் ஆளில்லை. கருவியைப் பர்தாவுக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது எங்களுக்கு இரண்டு அறை இருக்கிறது, கேட்க ஆளில்லை, எப்போது வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் பேசுவது கேஸ் சிலிண்டர் முடிந்ததையும் மாத்திரையையும்தான். லாஃப்டில் மூச்சடக்கிக் கிடந்த நாட்களில் எங்களுக்கு எவ்வளவு பேச்சு இருந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

புல்வெளியில் அவர் வளையத்தைத் திருப்பினார். கண்ணில் வைத்தார். கை அசையாமல் நின்றது. தெரியுதா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

"ஏளா."

"என்ன?"

"இம்புட்டா நிக்கும்?"

எண்ண ஆரம்பித்தார். ஒன்பது என்றார். எனக்கு ஏழுதான் தெரிந்தது. புதருக்குப் பின்னால் இரண்டு படுத்திருக்கிறது என்றார். காது மட்டும் ஆடுகிறது, வாய் அரைக்கிறது, ஒன்று மற்றொன்றின் கழுத்தை நக்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் எனக்கு மான் சொன்னது அதுவே முதல் தடவை. கொஞ்சம் கொடுங்களேன் என்றேன். "இருளா" என்றார். கொடுக்கவில்லை.

பிறகு, "புள்ளியே இல்லையே?" என்றார்.

"நீங்க பாக்கது சூடு. புள்ளிக்குத் தனியா சூடு உண்டா?"

"அப்போ வெளிச்சம் வரட்டும்."

அன்றைக்கு எந்தக் கார்கானாவுக்கும் ஓட வேண்டியதில்லை. படுத்திருந்த இரண்டின் மேலிருந்து கருவியை நகர்த்தாமல் அவர் அப்படியே நின்றார். கை வலிக்கும் என்று அவர் முழங்கையை நான் தாங்கிக்கொண்டேன். மரங்களுக்கு மேலே வெளுத்தது. புல் பச்சையானது. அவற்றில் ஒன்று எழுந்து சோம்பல் முறித்து வெளியே வந்தது. அவர் தலையைத் திருப்பாமல், கருவியை மட்டும் மெல்லக் கீழே இறக்கினார். வெறுங்கண்ணால் பார்த்தார்.

"இருக்குளா" என்றார். "வரிசையா இருக்கு."