நார்வே அக்காவுக்கு அம்மை போட்ட வைகாசி

அத்தையின் கல்யாணத்துக்கென்று எடுத்த பட்டுப்பாவாடையை நான் கடைசிவரை உடுத்தவே இல்லை. தென்காசி ரதவீதியில் ஒரு கடையில் அம்மா காலையில் உட்கார்ந்து, கடைக்காரர் அலமாரியை முழுக்கக் காலி செய்தபின் எடுத்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை. வளர்கிற பிள்ளை என்று அடியில் நிறைய மடிப்பு வைத்துத் தைத்திருந்தார்கள். அந்த மடிப்பைப் பிரித்துக் கட்டியது அப்போது பிறந்தே இராத என் தங்கை. இதற்கெல்லாம் காரணம் நார்வேயிலிருந்து வந்த ஒருத்திக்கு அம்மை போட்டதும், அத்தைக்குத் திடீரென்று பக்தி வந்ததும்தான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. எங்கள் வீடு இலஞ்சியில். அங்கிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு பழைய சீசன் பங்களா இருந்தது. யாரோ ஒரு ஜமீன்தார் சாரல் காலத்தில் வந்து தங்குவதற்குக் கட்டியது. ஜமீன் போனபின் அதில் பிள்ளைகள் விடுதி வந்தது. தாய் தகப்பன் இல்லாதவர்கள், இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பியவர்கள், இரண்டும் சேர்ந்தவர்கள் என்று எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஊரில் அதற்கு நொண்டிப் பிள்ளை பங்களா என்று பெயர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் மட்டும் அந்தச் சாலையை விட்டுத் தோப்பு வழியாகச் சுற்றிப் போவார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் நார்வே அக்கா வந்தாள். சம்பளம் கிடையாது, இரண்டு வருஷம் இருப்பாள் என்றார்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு ஒருத்தி கடல் தாண்டி வருவாள் என்பதை எங்கள் தெரு நம்பவில்லை. அங்கே கல்யாணம் முறிந்திருக்கும், அந்த வருத்தத்தில் வந்திருப்பாள் என்று பேசி முடித்துவிட்டார்கள். பங்களாவில் பெண்பிள்ளை தனியாகத் தங்க அறை இல்லாததால் எங்கள் வீட்டு மாடியைக் கேட்டார்கள். தினமும் இங்கிலீஷ் பேச ஆள் கிடைக்கும் என்று அப்பா உடனே சம்மதித்தார். அந்த ஆசை நிறைவேறவில்லை. அவள் பங்களாப் பிள்ளைகளிடம் தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் காலையில் இறங்கி வரும்போதே அப்பாவைப் பார்த்து, "சாப்டாச்சாலே?" என்று அன்பாகக் கேட்பாள். அப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, எஸ், தேங்க் யூ என்பார்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். நார்வே அக்கா சொல்வதைப் பிள்ளைகளுக்கும் ஆயாக்களுக்கும் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று விடுதிக்காரர்கள் கேட்டபோது, கல்யாணம் வரைக்கும்தானே என்று அனுப்பினார்கள். போனவள் எடுத்துச் சொல்வதோடு நிற்கவில்லை. சூம்பிய காலை எண்ணெய் தடவி நீவிவிடவும், காலில் இரும்புப் பட்டை வைத்துத் தோல்வாரை இழுத்துக் கட்டவும் கற்றுக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னைப் பாயில் படுக்கப்போட்டு முழங்காலை மடக்கி, "எதிர்த்துத் தள்ளுட்டி" என்பாள். நான் தள்ளுவேன். என் காலில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்திருக்க வேண்டும்.

புளியங்குடியிலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. எலுமிச்சம்பழக் கமிஷன் மண்டி, சொந்த லாரி. மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்ல நிறம், சிரித்த முகம், எனக்கு எதிரிலேயே ஒரு மிட்டாயை மறைத்து என் காதிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் அப்போதே சம்மதித்துவிட்டேன். அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை.

நிச்சயத்தன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. பங்களாவில் செண்பகம் என்று ஒரு பெண் இருந்தாள். செண்பகாதேவி அருவிப் பக்கம் கிடைத்த குழந்தை என்பதால் அந்தப் பெயர். என்னைவிடப் பெரியவள், ஒரு கால் வராது, கம்பு ஊன்றி நடப்பாள். அத்தைக்கு விசேஷம் என்று கேள்விப்பட்டுப் பிச்சிப்பூ கட்டி எடுத்துக்கொண்டு, அவ்வளவு தூரம் நடந்து எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். அம்மா ஓடிப்போய்ப் பூவை வாங்கிக்கொண்டு, பெறவு வா தாயி என்று அப்படியே திருப்பி அனுப்பினாள். மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். யார் என்று விசாரித்து, பங்களாப் பிள்ளை என்று தெரிந்ததும், "கல்யாணத்தன்னைக்கு அதுக ஒண்ணும் வராதுல்லா?" என்று கேட்டார். வராது என்றாள் அம்மா. இங்கே வராது, அங்கே புளியங்குடிக்கும் வராது, பெண் பங்களாவுக்குப் போய்வருவதும் இத்தோடு சரி என்று பேச்சு சுமுகமாக முடிந்தது. அத்தை காப்பித் தட்டோடு குனிந்து நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அல்வாத் தட்டின் மேல்தான் கண். செண்பகத்தின் பூ மூலையில் தண்ணீர்ப் பானை மூடியின் மேல் கிடந்து வாடிப்போயிற்று.

சித்திரையில் பங்களாப் பிள்ளைகளுக்குச் சின்னம்மை போட்டது. ஒன்று மாற்றி ஒன்றாக எல்லோருக்கும் போட்டது. நார்வே அக்காவும் அத்தையும் போவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளக் கூடாது என்று நார்வே அக்கா தன் ஊர்க் கம்பளிக் காலுறைகளை எடுத்துப்போய் அவர்கள் கைகளில் மாட்டிவிட்டாளாம். அத்தைக்குச் சின்ன வயதிலேயே போட்டிருந்ததால் மறுபடி வராது. ஆனாலும் தாய் விளையாடுகிற இடத்துக்குக் கல்யாணப் பெண் போகலாமா என்று அம்மா தடுத்தாள்.

"தாயும் இல்ல, ஒண்ணும் இல்ல மதினி. அது ஒரு கிருமி. அக்கா பொஸ்தகத்துல படம் காட்டுனா" என்றாள் அத்தை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வைகாசியில் முகூர்த்தம். பத்திரிகை கொடுத்தாயிற்று. பந்தலுக்கு மூங்கில் வந்து தெருவோரம் கிடந்தது. புளியங்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கல்யாணச் சமையலுக்கென்று ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் இறக்கிவிட்டுப் போனார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் போகிற பிளஷர் காரில் முன்சீட்டு எனக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாரம்தான் நார்வே அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலை அத்தை மாடியிலிருந்து இறங்கிவந்து, உடம்பெல்லாம் முத்து என்று அம்மாவிடம் சொன்னாள்.

அம்மை வந்த வீட்டில் நல்ல காரியம் நடத்த முடியாது. விருந்தாள் வரக்கூடாது, வீட்டாள் வெளியே போகக்கூடாது, அடுப்பில் தாளிக்கும் வாசனைகூட எழக்கூடாது. முன்கூடமான பட்டாசலில் பாயை விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். பெரியப்பா ரெவினியூ இலாகாவில் இருந்தவர், எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி வைத்திருப்பார். இப்போதும் வைத்திருந்தார். யாராவது கேட்டால் வெள்ளைத் தோலுக்கு நம்மூர் வெயில் தாங்காமல் வேர்க்குரு என்று சொல்லிவிடுவது. பொழுது சாய்ந்ததும் தோப்பு வழியாகக் காரை வரவழைத்து அவளைப் பங்களாவில் சேர்த்துவிடுவது. வீட்டைக் கழுவிவிட்டால் முடிந்தது. வந்த தாயை வெளியே அனுப்பலாமா என்று அம்மா முனகினாள். "அனுப்பலை. எடம் மாத்துதோம்" என்றார் பெரியப்பா. நார்வே அக்காவைக் கேட்டிருந்தால் அவள் கார்கூட வேண்டாம் என்று அந்தக் காய்ச்சலோடு நடந்தே போயிருப்பாள். அப்பா தலையாட்டினார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் ஆட்டினேன். என் பாவாடை பிழைத்தது.

அப்போதுதான் அத்தை கிணற்றடியிலிருந்து வந்தாள். கையில் பெரிய கொத்தாக வேப்பிலை. மாடிக்குத்தான் கொண்டுபோகிறாள் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் மாடிப்படியைத் தாண்டிப் போனாள். பட்டாசலைத் தாண்டி, பெரியப்பாவைத் தாண்டி வாசலுக்குப் போய், நிலையின் இரண்டு பக்கமும் நிதானமாக வேப்பிலையைச் செருகினாள். ஒரு பக்கம் சரிந்ததைத் திரும்ப எடுத்து ஒழுங்காக வைத்தாள். தெருவில் பால்காரர் வந்துகொண்டிருந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் அப்படியே நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். அவர் தெருக்கோடிக்குப் போகுமுன் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பெரியப்பா பாதி எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

"தாயி வந்து உக்காந்துட்டா, அண்ணே. மறைச்சா நாளைக்கு யாரு பதில் சொல்லுதது?" என்றாள் அத்தை.

செருகின வேப்பிலையைப் பிடுங்கிப் போடுகிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அம்மா முதல் ஆளாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிருமி என்று சொன்ன வாயும் இதுதானே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பெரியவர்களுக்கு ஆபத்து வந்தால் பக்தி வந்துவிடும் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். அன்றைக்கு மத்தியானமே மூங்கிலை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கும் போட்டுவிட்டதோ என்று அம்மா என் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு வந்த எலுமிச்சம்பழம் மாலையாகி அம்மன் கோவிலுக்குப் போயிற்று.

எனக்கும் அம்மாவுக்கும் அம்மை வந்ததில்லை என்பதால் நாங்கள் மாடி ஏறக்கூடாது. அத்தை ஒருத்தியால் இரவும் பகலும் பார்க்க முடியாது. ஊரில் வேறு யாரும் நடைக்குள்கூடக் கால்வைக்க மாட்டார்கள். அம்மை போட்டு இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்டு எழுந்து, பயமில்லாமல் வரக்கூடியவர்கள் பங்களாப் பிள்ளைகள் மட்டும்தான். அத்தை சொல்லியனுப்ப, செண்பகம் கம்பு ஊன்றி வந்தாள். அவளோடு சுடலை என்று ஒரு பையன், இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் வராதவன், சக்கரம் வைத்த பலகையில் கையால் தள்ளிக்கொண்டு வந்தான். பலகையை மாடிப்படிக்குக் கீழே விட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே கையை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினான். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிப் படியில் அவன் மூச்சு வாங்க நின்றபோது, மெதுவாலே, விழுந்துராத என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

பகலெல்லாம் அவர்கள் முறைவைத்து வேப்பங்கொத்தால் நார்வே அக்காவை வீசிக்கொண்டே இருந்தார்கள். அவள் கைகளில் அதே கம்பளிக் காலுறைகளை மாட்டிவிட்டிருந்தார்கள். நாங்கள் கீழே இருந்து கேட்போம். ஊறல் தாங்காமல் அவள் முகத்துக்குக் கையைக் கொண்டுபோகும்போதெல்லாம் சுடலையின் அதட்டல் வரும். "சொறியாதலே அக்கா. வடு விழுந்துரும். நீதானலே சொன்ன?" சிரிப்பதும் அழுவதுமாக ஒரு சத்தம் அதற்குப் பதிலாக வரும்.

முதலில் அம்மா அவர்களுடைய சோற்றை மாடிப்படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பிறகு சுடலை கொஞ்சமாகச் சாப்பிடுகிறான் என்று அவனைத் திட்ட ஆரம்பித்தாள். மூன்றாம் தண்ணீர் விடுவதற்குள் செண்பகம் எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வேம்பும் மஞ்சளும் போட்டு முற்றத்து வெயிலில் வைத்த தண்ணீரை நார்வே அக்காவின் தலையில் ஊற்றியது அவளும் அத்தையும்தான். வாசலில் இலை எதற்கு என்று நார்வே அக்கா பிறகு கேட்டாள். மருந்து என்று மட்டும் அத்தை சொன்னாள்.

ஆனியில் புளியங்குடியிலிருந்து ஆள் வந்தது. பெண்ணிடம் குறையில்லை, ஆனால் வாசல்வரை வந்து தடங்கலாகிவிட்டது, அம்மனுக்கே இஷ்டமில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா நினைக்கிறார் என்றார்கள். ஆவணியில் மாப்பிள்ளைக்குச் சங்கரன்கோவிலில் பெண் எடுத்தார்கள். பெரியப்பா ரொம்ப நாள் எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை. அத்தை மனசொடிந்து ஏதாவது செய்துகொள்வாள் என்று பயந்து அம்மா அவள் பக்கத்திலேயே படுத்தாள். அத்தை நன்றாகத் தூங்கினாள் என்று மறுநாள் அம்மாவே சொன்னாள். அம்மன் வந்து நிறுத்திய கல்யாணம் என்று ஊரில் பேரானபின் வேறு வரன்கள் மெள்ளக் குறைந்தன. கன்னத்தில் இரண்டு வடுவோடு நார்வே அக்கா ஊருக்குப் போனபோது அவள் வேலை முழுவதும் அத்தைக்கு வந்தது. தலை நரைக்கும்வரை அத்தை அந்தப் பங்களாவில்தான் இருந்தாள்.

ஆனால் இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், புளியங்குடி ஆள் வந்துபோன மறுநாள், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அத்தை என்னையும் பங்களாவுக்குக் கூட்டிப்போனாள். சுடலைக்குப் புதிதாக இரும்புப் பட்டை வந்திருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து அத்தை அவன் காலில் தோல்வாரைக் கோத்துக்கொண்டிருந்தாள். பாவாடை பெட்டிக்குள் போய்விட்ட கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மனசில் வைத்திருந்ததைக் கேட்டே விட்டேன்.

"நீ மட்டும் அன்னைக்கு வேப்பிலை சொருகாம இருந்திருந்தா, உனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்லா அத்தை?"

அத்தை கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"ஆமாட்டி. ஆயிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். வாரை இழுத்து இறுக்கிவிட்டு, "எதிர்த்துத் தள்ளுலே" என்று சுடலையிடம் திரும்பிக்கொண்டாள். அவள் குரல் தணிந்திருந்தது. செய்ததை நினைத்து வருத்தப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். பாவம், சாமி விஷயம், தெரியாமல் செய்துவிட்டாள். அதற்குமேல் அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்த வராந்தாவிலேயே அத்தையை மன்னித்துவிட்டேன்.