இளநீர்க்காரரின் அரிவாளும் வெள்ளையண்ணனின் கொடுவாளும்

பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்னார்களே, அந்த வருஷம்தான் எங்கள் நான்கு பேர் மேலும் வழக்கு விழுந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றியதும் அதே வருஷம். அந்த வழக்கில் முதல் எதிரியாக எழுதப்பட்ட வெள்ளையண்ணன் போன வாரம் இறந்துபோனார். எங்கள் ஊர் தலைச்சோலையில் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மருமகன் மேட்டில் நின்று, "மாமா, பெரியவரு போயிட்டாருங்க" என்றார். கூடையை இறக்கி வைக்கவும் தோன்றாமல் நின்றேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல இன்னொருவர் எழுதும் இது, அண்ணனை அறிந்தவர்களுக்கு.

மலைக்காரர்கள் நாங்கள் வெளியே கிளம்பினால் இடுப்பில் கொக்கி கட்டி, முதுகுப் பக்கம் கொடுவாளை மாட்டிக்கொள்வோம். புதர் வெட்ட, விறகு பிளக்க, பலாப்பழம் அறுக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். எங்கே போகிறோம் என்று யோசிப்பதற்குள் கை அதை எடுத்து மாட்டிவிடும். அன்று அண்ணன் மகளின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க அண்ணன், ஆண்டி, ராமன், நான் நால்வரும் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். துணிக்கடைக்குப் போகிற நான்கு இடுப்பிலும் கொடுவாள்.

மலையிறக்கத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். முந்தின நாள் ஏதோ பங்களாவில் திருட்டாம். ஏறிய போலீஸ்காரர் ஒருவரிடமும் பெயர் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார், செருப்பில்லாத காலைப் பார்த்தார். "மலைக்காரனுங்க மட்டும் இறங்கு" என்றார்.

"எங்கடா கொள்ளையடிக்கக் கிளம்பிட்டீங்க?"

"துணிக்கடைக்குங்க சார். அங்க போனா எங்களைத்தான் கொள்ளையடிப்பாங்க" என்றார் அண்ணன். பஸ்ஸே சிரித்தது. அதற்கு ஓர் அறை விழுந்தது.

பின்சீட்டில் சேலத்து இளநீர்க்காரர் ஒருவர் இருந்தார். சாக்கிலிருந்து எங்களுடையதைவிட நீளமான அரிவாளை எடுத்துக் காட்டி, "ஏனுங்க சார், எங்கிட்டயுந்தான் இருக்குதுங்க. நானும் இறங்கோணுங்களா?" என்று கேட்டார். நல்ல மனுஷன்.

"உன்னை யாருய்யா கேட்டா? அது உன் தொழிலுக்கு. உட்காரு."

"எங்களுதும் தொழிலுக்குத்தானுங்க" என்றார் அண்ணன். இன்னோர் அறை.

சந்தேகப்படும்படி ஆயுதங்களோடு திரிந்தோம் என்று வழக்கு. ஜாமீனில் வருவதற்குள் கல்யாண நாள் கடந்துவிட்டது. பங்களாவில் திருடியவன் அங்கேயே வேலை பார்த்த டிரைவர் என்று பிறகு தெரிந்தது. அது வேறு வழக்கு, இது வேறு வழக்கு என்றார்கள்.

எங்கள் வக்கீல் கெட்டவர் இல்லை. "ஒத்துக்கிட்டீங்கன்னா சின்ன அபராதங்க பெரியவரே. இன்னைக்கே ஊட்டுக்குப் போயிரலாம்" என்று முதல் வாய்தாவிலேயே சொன்னார்.

"செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குதுங்க. வாய்ல பல்லு வேற இல்லை" என்றார் அண்ணன். வெளியே வந்து எங்களிடம், "நாம ஒத்துக்கிட்டா, நாளைக்கு நம்ம சனத்துல எவன் பஸ் ஏறினாலும் இறக்குவாங்க. இறக்கறவனுக்கு நாமளே சாட்சி சொன்ன மாதிரி ஆயிரும்" என்றார். ராமன் முணுமுணுத்தான். பிறகு அவனும் தலையாட்டினான்.

கொடுவாள்கள் கோர்ட்டிலேயே இருந்தன. வேறு கொடுவாள் ஊட்டில் இருந்தாலும் வாய்தா நாளில் தொட மாட்டோம். அண்ணன் மட்டும் வெறும் கொக்கியைக் கட்டிக்கொண்டு வருவார். "இதுக்கு என்ன கேஸ் போடறாங்கன்னு பாப்போம்டா செங்கோடா" என்பார். போலீஸைக் கண்டால் முதுகைத் திருப்பிக் காட்டி நிற்பார்.

ஆண்டி கொரோனாவில் போனான். ராமன் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி விழுந்து போனான். இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் வரை கோர்ட்டில் அவர்கள் பெயரையும் கூப்பிடுவார்கள். அண்ணன்தான் எழுந்து, "அவங்க வர மாட்டாங்கய்யா" என்பார். பிறகு நாங்கள் இருவர் மட்டும் பஸ்ஸில் ஒரே சீட்டில் வருவோம். பக்கத்தில் ஆள் இருந்ததே போதும்.

அண்ணனுக்கு மண் போட்டுவிட்டு வந்த மறுநாள் வக்கீல் போன் செய்தார். "நொம்ப வருத்தமுங்க. இனி நீங்க ஒருத்தர்தான். அடுத்த வாய்தாவுல ஒத்துக்கிட்டு முடிச்சுக்கலாமுங்களா? யாரு கேக்கப் போறாங்க?"

யார் கேட்கப் போகிறார்கள் என்று நானும் யோசித்தேன். ஊட்டில் யாரும் இல்லை. அடுப்பும் மூட்டவில்லை. வெளியே மூடுபனி. ஊம் என்றால் அடுத்த மாதத்திலிருந்து விடியற்காலைப் பஸ்ஸுக்காக இருட்டில் நிற்க வேண்டியதில்லை.

"இல்லைங்க. வாய்தாவுக்கு வர்றேனுங்க" என்றேன்.

அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு 'இல்லைங்க'தான். இனி கோர்ட்டில் அவர் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து பதில் சொல்ல வேண்டியவன், அந்த வழக்கில் இன்னும் உயிரோடு இருக்கும் நான்காம் எதிரி, தலைச்சோலை செங்கோடன்.